தொட்டிக்கு வந்த கள்ளிப்புறா

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்தேன். ஆறு மணிக்கு மோட்டார் போட்டு, மாடித் தொட்டி நிறைந்ததும் ஆறு பதினேழுக்கு நிறுத்தினேன். காபி குடித்தேன். ஏழு மணிக்கு மொபெட்டைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். சீட்டின் இடது ஓரத்தில் தீபாவளிக்கு முன்பு விட்ட கிழிசல் இப்போது நான்கு அங்குலம் ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் மஞ்சள் நுரை வெளியே தெரிகிறது. எட்டரைக்கு இட்லி சாப்பிட்டேன். ஒன்பது மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, பரணில் இருக்கும் தகரப் பெட்டியிலிருந்து 2004ஆம் வருட நாட்குறிப்பை எடுத்தேன்.

கடைசி வரியைத் தவிர, என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாமே இப்படித்தான் தொடங்கும்.

பம்புசெட் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கடைசல் பட்டறையிலிருந்து வரும் ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, சரியானதை ஒரு பக்கமும் தவறானதை ஒரு பக்கமும் வைக்க வேண்டும். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அதற்கும் முந்தையது. நோட்டை நான் பிளாஸ்டிக் பையில் சுற்றுவதைப் பார்த்த மனைவி, "ஏனுங்க, அதத் தூக்கீட்டு எங்க கெளம்பீட்டீங்க?" என்றாள். போத்தனூர் போய் பாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"ஒடம்பு சரியில்லாதவரப் பாக்க ஆப்பிள் வாங்கீட்டுப் போவாங்க. நீங்க நோட்டுக் கொண்டுட்டுப் போறீங்க."

ஆப்பிளும் வாங்கிக்கொண்டேன்.

பாய் முந்தின நாள் போன் செய்திருந்தார். இடது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய்விட்டன, இரண்டு வாரம் ஆகிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், கடையை மகன் பார்த்துக்கொள்கிறான் என்றெல்லாம் வேறு யாருக்கோ வந்த நோயைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "பங்காளி, எங்கத்தாவுக்கு வந்தது எனக்கும் வந்துபோச்சு. அவருக்குக் கொண்டாந்த மாதிரி எனக்கும் ஒரு புறா கொண்டா" என்று சொல்லிச் சிரித்தார். அத்தா என்று அவர் சொல்வது அப்பாவை. பகடிதான். இப்போது அவரும் புறா சாப்பிட மாட்டார், நானும் சுட மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது அவர் பழக்கமானார். போத்தனூரில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அப்போது நான் வைத்திருந்த மொபெட்டின் சீட்டைத் தைக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போன இடத்தில் சுவரில் ஒரு ஏர்கன் தொங்கியது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து இருட்டும்வரை பேசினோம். துப்பாக்கி அவருடையது, குறி எனக்கு வாய்த்தது. அவர் கைக்கு ஊசி நூல் பிடிக்கும் நிதானம் இருந்தும், துப்பாக்கியைத் தூக்கினால் மூச்சு வாங்கிவிடும்.

அடுத்த நாலு வருடம், மழையில்லாத ஞாயிறுகளில் எல்லாம் கிணத்துக்கடவுப் பக்கம் போனோம். ஐந்தரைக்கு அவர் வீட்டு வாசலில் ஒரு முறை ஹாரன் அடிப்பேன். தொழுகை முடித்துவிட்டு அவர் தயாராக நிற்பார். அவருடைய அக்கா இஞ்சி போட்ட டீயை ஃப்ளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பார். தெரிந்த ஒருவருடைய சோளக்காட்டில், கிணற்றடியில் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து பதினெட்டு தப்படியில் வேலி மரம். அந்த மரத்துக்குப் பின்னால்தான் உட்காருவோம். விடிந்ததும் அறுத்த சோளத் தாளுக்குள் மணி பொறுக்கப் போகும் புறாக்கள், ஏழு ஏழரைக்குத் தண்ணீருக்கு வரும். புள்ளிப்புறா, தவிட்டுப்புறா, சாம்பல் நிறத்தில் பிடரியில் கறுப்புக் கோடு போட்ட கள்ளிப்புறா. எப்போதாவது ஒரு கவுதாரி வேலியோரமாக ஓடும். கோழி தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்கும். புறா அப்படி அல்ல. அலகைத் தண்ணீருக்குள் வைத்தால் குடித்து முடிக்கும்வரை எடுக்காது. நான்கு வினாடி, சில நேரம் ஐந்து. அதுதான் எனக்குக் கிடைக்கும் நேரம்.

அப்படிச் சுடுவது சட்டப்படி குற்றம். அப்போதும் குற்றம்தான். யாரும் கேட்கவில்லை என்பதால் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு நியாயம் சொல்ல இதை எழுதவில்லை.

பாயின் வீட்டில் சாப்பிட வேண்டுமென்றால் பறவை உயிரோடு இருக்கும்போதே இறைவன் பெயரைச் சொல்லி அறுத்திருக்க வேண்டும். குண்டு பட்டுச் செத்தது ஆகாது. அதனால் நான் நெஞ்சையோ தலையையோ குறி பார்க்க மாட்டேன். இறக்கை தோளோடு சேரும் இடத்தில் அடிப்பேன். அடி பட்ட மறு நொடி பாய் கத்தியோடு ஓடுவார். அந்தக் கத்தி தனி. சனிக்கிழமை சாயங்காலம் தீட்டி வைப்பார். கடையில் ரெக்சின் அறுக்கும் கத்தியை இதற்குத் தொட மாட்டார். தூரத்திலிருந்தே, "உசுரு இருக்குது பங்காளி" என்று குரல் வந்தால் எனக்கு நிம்மதி.

அறுபட்டது அவர் வீட்டுக்கு, செத்தது என் வீட்டுக்கு. இதுதான் எங்கள் பங்கு. நாட்குறிப்பில் பறவையின் பெயருக்கு எதிரே 'அ' என்றோ 'செ' என்றோ எழுதி வைப்பேன். கைக்குக் குறி படியப் படிய எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போனது. என் அம்மா ஒரு நாள் வெறும் பையைப் பார்த்துவிட்டு, "நீ நல்லாச் சுட்டா நமக்கு ஒண்ணுமில்ல. தப்பாச் சுட்டாத்தான் நம்மூட்ல கொழம்பு" என்றார். பாயிடம் இதைச் சொன்னபோது அவர் மரத்தடியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தொட்டியில் இருந்த இரண்டு புறாக்களும் பறந்துவிட்டன.

அவரால் சும்மா உட்கார முடியாது. காதருகே குனிந்து, அந்த வாரம் கடைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். கணவன் சிவப்பு ரெக்சின் என்றும் மனைவி நீலம் என்றும் சண்டை போட்டதில் பாதி பாதி தைத்துக் கொடுத்த கதையை மூன்று ஞாயிறு சொன்னார். நான் பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டுவேன். இப்போது ஞாயிறு காலை ஏழரை மணிக்கு எங்கே உட்கார்ந்திருந்தாலும் என் வலது முழங்கால் தானாக மடிந்துகொள்கிறது. இடது காது யாரோ ஏதோ சொல்வார்கள் என்று காத்திருக்கிறது. இறைச்சியின் ருசி மறந்துவிட்டது. துப்பாக்கியின் கனம்கூட மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

2004 பிப்ரவரியில் அவருடைய அத்தாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புறா சூப் கொடுத்தால் நரம்புக்கு நல்லது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரியவர் அந்த சூப்பை மட்டும்தான் விருப்பமாகக் குடித்தார். அதனால் அந்த மூன்று வாரம் நாங்கள் அவருக்காகவே போனோம்.

மார்ச் 14, ஞாயிறு. அவரை அதிக நேரம் விட்டுவிட்டு இருக்க முடியாது என்பதால் எட்டரைக்குள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணியிலிருந்து ஒரு பறவையும் வரவில்லை. பக்கத்துக் காட்டில் யாரோ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழே முக்காலுக்கு பாய் எழுந்து, "இன்னைக்கு இல்ல. வா போலாம்" என்று வண்டியை எடுக்கப் போனார். வண்டி இருநூறு தப்படி தள்ளி, தடத்தில் நின்றது. நான் துப்பாக்கியை மடக்கப் போகும்போது ஒரு கள்ளிப்புறா தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்தது. அவசரப்பட்டேன். அலகைத் தண்ணீரில் வைக்கும்வரை பொறுக்கவில்லை. விசையை இழுக்கும்போது அது திரும்பியது. குண்டு கழுத்தில் பட்டது.

அன்று நான்தான் முதலில் ஓடினேன். கையில் எடுத்தபோது சூடாக இருந்தது. தலை விரலிடுக்கில் தொங்கியது. கண்ணை வெள்ளைத் தோல் பாதி மூடியிருந்தது. எத்தனையோ பார்த்திருக்கிறேன். சந்தேகமே இல்லை. சத்தம் கேட்டு பாய் தடத்திலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மூச்சிரைக்க, "உசுரு இருக்குதா?" என்றார். வீட்டில் அந்தப் பெரியவர் அரைக் கண் திறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது என் கண் முன்னால் நின்றது. "இருக்குதுங்க, சீக்கிரம்" என்றேன். சொல்லும்போதே கட்டை விரலால் அடியிலிருந்து இறக்கையைத் தூக்கினேன். அது அசைந்தது. அவர் மேற்கே திரும்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லி அறுத்தார். ரத்தம் பீறிடவில்லை. மெதுவாகக் கசிந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பெரியவர் அன்று ஒரு டம்ளர் சூப் முழுவதும் குடித்தார். மதியம் வீட்டில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினேன். பேனா 'அ' எழுதப் போய் நின்றது. நாட்குறிப்பில் நான் பொய் எழுதியதில்லை. '7.52. கள்ளிப்புறா 1. செ.' என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் பெரியவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களிடம் பாயின் அக்கா, எங்கத்தா கடைசியாக ஆசைப்பட்டுக் குடித்தது இந்தத் தம்பி கொண்டுவந்த புறாதான் என்று என்னைக் காட்டிச் சொன்னார். அங்கே சொல்ல முடியவில்லை. நாற்பதாம் நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நாள் தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. பாய் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிட்டார். ஷிஃப்ட் என்றேன். அடுத்த வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதற்கடுத்த வாரம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம் என்றேன். அவர் ஏழு முறை கூப்பிட்டதாக நோட்டில் இருக்கிறது. எட்டாவது முறை கூப்பிடவில்லை. நோன்புக்கு அவர் வீட்டுக் கஞ்சியும் தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தன. விசேஷங்களில் பார்த்துக்கொள்வோம். ஞாயிறு மட்டும் போய்விட்டது.

இந்த ஞாயிறு பத்தே காலுக்கு அவர் கடை வாசலில் மொபெட்டை நிறுத்தினேன். வீடு கடைக்குப் பின்னால்தான். விடுமுறை என்பதால் கடையின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் ரப்பர் பந்து ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"வா பங்காளி. வெறுங்கைய ஆட்டீட்டு வர்ற? புறா எங்கே?"

ஆப்பிளைக் கொடுத்தேன். இதற்கு எங்கே குறி பார்த்து அடித்தாய் என்று கேட்டார். அவருடைய அக்கா டீ கொண்டுவந்தார். இஞ்சி போட்ட அதே டீ. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, தன் தம்பிக்கு வாதம் வந்த கதையைச் சொன்னார். நான் எதிர்பார்த்ததையும் சொன்னார். "அத்தாவுக்கு நீங்க எத்தன செஞ்சீங்க தம்பி. கடைசியா அவுரு வாய்க்குப் புடிச்சது உங்க புறா சூப்புதான்."

அவர் உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

"பாய், அந்தப் புறாவுல உசுரில்லீங்க" என்றேன்.

பந்தை அமுக்கிய கை நின்றது. "எந்தப் புறா?"

"அத்தாவுக்குக் கடைசியாக் குடுத்தது. நீங்க ஓடி வர்றதுக்கு முந்தியே முடிஞ்சுபோச்சு. நாந்தான் றெக்கைய ஆட்டுனேன்."

நான் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, மார்ச் 14ஆம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் நோட்டைத் தள்ளிப் பிடித்து, வாய்விட்டு மெதுவாக வாசித்தார். கடைசி எழுத்துக்கு வந்ததும் அதன் மேல் விரலை வைத்தார்.

"கண்ணு மூடீருந்துச்சா?"

"பாதி மூடீருந்துச்சுங்க."

"கழுத்து?"

"தொங்கீருச்சுங்க."

உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ரத்தம் வந்த விதம் தனக்கு நினைவிருக்கிறது என்றார். அறுத்த கைக்கே ஏதோ பட்டதாம். "நீ இருக்குதுன்னு சொன்ன. உன்ற அளவு தப்பாதுன்னு நான் மேக்கொண்டு நெனைக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபது வருடமாக எனக்கு நானே எத்தனையோ திட்டுகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்று அதில் இல்லை.

"அது எனக்கும் படைச்சவனுக்கும். நான் பாத்துக்கறேன்" என்றார். "அக்காகிட்டச் சொல்லிராத. அவ சொல்லீட்டே இருக்கட்டும்."

சரிங்க என்றேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அவருக்குக் கோபம் வந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"இதுக்குத்தான் வராம இருந்தயா?"

"இதுக்குத்தாங்க."

"நான் என்னமோ பண்ணிப்போட்டேன்னு இருந்தேன். அத்தா மய்யத்துக்கு வந்தப்ப எங்க ஆளுக யாராச்சும் உன்ன ஒரு வார்த்த சொல்லீட்டாங்களோன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சேன். ஞாயித்துக்கெழமையானா ஹாரன் கேக்குதான்னு வாசல்ல போயி நின்னிருக்கறேன். எத்தன வருசம்னு உனக்குத் தெரியுமா? அத உன்ற நோட்டுல எழுதுனயா?"

எழுதவில்லை. அது என் நோட்டில் இல்லை. அந்த வாசலில் ஒருவர் நின்றிருப்பார் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. என்னுடைய குற்றத்தைப் பற்றியே இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் வாய்வரை வந்தது. எதற்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டது.

அவர் எழுந்து, காலை லேசாக இழுத்தபடி வாசலுக்கு வந்து, என் மொபெட்டுக்குப் பக்கத்தில் நின்றார். சீட்டின் கிழிசலுக்குள் வலது கை விரலை விட்டுப் பார்த்தார்.

"யார் தெச்சது?"

வண்டிக் கம்பெனியிலிருந்து வந்தது அப்படியே இருக்கிறது, யாரிடமும் கொடுக்கவில்லை என்றேன். நுரையெல்லாம் தூளாகிவிட்டது, இதிலா உட்கார்ந்து வருகிறாய் என்றார். உள்ளே போய் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "கழட்டு."

இரண்டு போல்ட். கழற்றினேன். சீட்டை வாங்கி வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்று இழுத்தேன். பழைய சாக்கு ஒன்றை நாலாக மடித்துச் சீட்டு இருந்த இடத்தில் வைத்து, சைக்கிள் டியூபால் கட்டச் சொன்னார். கட்டினேன்.

"இதுல உக்காந்து போ. காலைல ஏழு மணிக்கு வந்து வாங்கிக்க."

"மகன் தெக்கட்டுங்க. நீங்க இந்தக் கையை வெச்சுட்டு..."

"ஏழு மணிக்கு வா."

நோட்டைக் கேட்டேன். அது இங்கேயே இருக்கட்டும் என்றார். எப்போதும் நான் கிளம்பினால் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பார். இன்று நிற்கவில்லை. வண்டியைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, சீட்டை முழங்காலுக்கு இடையில் இடுக்கி, குறட்டால் பழைய ரெக்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். இடது கை ஓரத்தைப் பிடித்து இழுத்தது, நழுவியது, மறுபடியும் பிடித்தது. அவர் நிமிரவில்லை. கோபம் போகவில்லை என்று தெரிந்தது. அது போகுமா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி சாக்கைப் பார்த்துவிட்டு, ஆப்பிள் கொடுத்துச் சீட்டைப் பறிகொடுத்து வந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றாள். மதியம் சாப்பிட்டேன். இரண்டரை முதல் மூன்றே கால் வரை படுத்தேன், தூக்கம் வரவில்லை. சாயங்காலம் இந்த வருட நாட்குறிப்பில் இவ்வளவையும் எழுதினேன். எதிரே எந்த எழுத்தும் போடவில்லை.

29, திங்கட்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுக்கவில்லை, மோட்டார் போடவில்லை. நேராக வாசலுக்குப் போய், பனியில் நனைந்திருந்த சாக்கை அவிழ்த்து உதறினேன். ஈரம் படாத பக்கம் மேலே வரும்படி மடித்து, டியூபை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.